கயிறு பிடிக்கிற கை

உட்காருங்கள், டீ சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்டது ஒரு டீயில் முடிகிற விஷயமில்லை. ஆனாலும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அண்ணாச்சி, பயலுக்கு நாலு வயசு முடியப்போகுது. வீட்டுக்கு ஆள் வந்தா அவங்கம்மா சேலைக்குப் பின்னால போயி ஒளிஞ்சிக்கிடுதான். சட்டைக்குப் பட்டன் போடத் தெரியல. சோறு ஊட்டித்தான் விடணும். தைரியமா, கெட்டிக்காரனா வரணும்னா எந்த கிளாஸ்ல சேத்துவிடணும்?" இதுதானே உங்கள் கேள்வி?

துறைமுகத்தில் ஷிப்ட் பார்க்கிறவர், அனல்மின் நிலையத்துக்குப் போகிறவர், தெரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருப்பவர், உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர் என்று தூத்துக்குடியில் எல்லார் வீட்டிலும் இன்று இந்தக் கவலை இருக்கிறது. அபாகஸ், கராத்தே, மேடைப் பேச்சு, ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று சின்ன வயதிலேயே சேர்த்துக்கொள்கிற வகுப்புகளும் இருக்கின்றன. சில வகுப்புகள் பிள்ளைக்குப் பிடித்தும் போகலாம். ஆனால் ஆறு வயதுக்குள் வருகிற தைரியத்துக்கு வேர் இரண்டு. 'எனக்கு ஒன்று என்றால் பிடிக்க ஆள் இருக்கிறது' என்ற உறுதி ஒன்று. 'இதை நானே செய்தேன்' என்ற அனுபவம் மற்றொன்று. இரண்டும் வீட்டில்தான் விளைகின்றன. காலையில் பல் தேய்ப்பதிலிருந்து இரவு பாய் விரிப்பது வரைக்கும் நடக்கிற சின்னச் சின்னக் காரியங்களில்.

கடலுக்குள் இறங்குகிறவரின் தைரியம்

நம் கரைக்குப் பெயரே முத்துக்குளித்துறை. அரசு நடத்திய முத்துக்குளிப்பு இந்தக் கடலில் கடைசியாக நடந்தது 1961-ல். அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட்டால், பிள்ளை வளர்ப்பில் நான் சொல்ல வருவது எளிதாக விளங்கும்.

குளிக்கிறவருக்கு இரண்டு கயிறு. ஒன்றின் நுனியில் ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கல். அதில் காலை வைத்து மூச்சை அடக்கினால் கல் அவரை விறுவிறுவென்று கீழே கொண்டுபோய்விடும். இன்னொரு கயிற்றில் சிப்பி அள்ளுகிற வலைக்கூடை. ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்தில், ஏறக்குறைய ஒரு நிமிட நேரத்தில், கைக்கு எட்டிய சிப்பிகளை அள்ள வேண்டும். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குளிக்கிறவர் தரையைத் தொட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். கீழேயிருந்து கயிறு அசைந்தால் அடுத்த நொடியே தூக்குவார். கயிறு பிடிப்பதற்கு மைத்துனரைத்தான் அமர்த்துவார்கள் என்று இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று தெரிந்தவர் கண்ணயர மாட்டார் என்பது அவர்கள் கணக்கு.

குளிக்கிறவரின் தைரியத்தில் பாதி அந்தக் கயிற்றில் இருந்தது. மேலே நிற்கிறவர் அவருக்குப் பதிலாகக் குதிப்பதில்லை. கீழே போனவர் கூடையை நிரப்புவதற்குள் பதறிப்போய் இழுப்பதும் இல்லை. அதேநேரம் கயிற்றை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்பதும் இல்லை. பெற்றோர் செய்ய வேண்டியது இதே வேலைதான். இன்று நம் வீடுகளில் இரண்டு தப்பும் நடக்கிறது. சில நேரம் பிள்ளைக்குப் பதிலாக நாமே குதித்துவிடுகிறோம். சில நேரம் போனைப் பார்த்துக்கொண்டு கயிற்றை விட்டுவிடுகிறோம்.

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1954-ல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் மாதக்கணக்கில் வீடு வீடாகப் போய்க் கவனித்தார். குழந்தை அம்மாவை விட்டுத் தவழ்ந்து போகும். கொஞ்ச தூரத்தில் நின்று திரும்பிப் பார்க்கும். அம்மா இருக்கிறாள் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் போகும். பயந்தால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். மனம் தேறியதும் மறுபடி கிளம்பும். அழுதால் கவனிக்கிற, கூப்பிட்டால் பதில் சொல்கிற அம்மா இருக்கிற குழந்தைகள்தான் தைரியமாகத் தள்ளிப் போனார்கள். 'தூக்கித் தூக்கி வைத்தால் கோழையாகிவிடும்' என்று நம் பக்கத்திலும் சொல்வார்கள். ஐன்ஸ்வொர்த் பார்த்ததும் அதன் பிறகு பல நாடுகளில் பார்க்கப்பட்டதும் நேர்மாறாக இருந்தது. கேட்டபோது தூக்கப்பட்ட குழந்தைதான் சீக்கிரம் இறங்கி நடக்கத் துணிகிறது.

அதனால் உங்கள் பையன் சேலைக்குப் பின்னால் ஒளிந்தால் பிடித்து இழுத்து முன்னே நிறுத்தாதீர்கள். "மாமாவுக்கு வணக்கம் சொல்லுலே, என்னலே இப்படி வெக்கப்படுத?" என்று ஆள் முன்னால் கேட்டால், ஒளிகிற காரணம் ஒன்று இரண்டாகும். அவன் பாட்டுக்கு நிற்கட்டும். நீங்கள் வந்தவரோடு சிரித்துப் பேசுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, "மக்கா, மாமாவுக்குத் தண்ணி கொண்டாயேன்" என்று ஒரு வேலை கொடுங்கள். வாயைத் திறந்து வணக்கம் சொல்வதைவிட, கையில் செம்போடு வருவது அவனுக்கு எளிது. பேச்சு அதற்குப் பின்னால் தானே வரும்.

நேரம் இல்லாத அப்பாக்களுக்கு

"நேரம் எங்க அண்ணாச்சி இருக்கு?" என்பீர்கள். நியாயம்தான். இங்குள்ள விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குக் கடலுக்குப் போய் இரவு 9 மணிக்குள் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. கிளம்பும்போதும் பிள்ளை தூக்கம், திரும்பும்போதும் தூக்கம். துறைமுகத்தில் இரவு ஷிப்ட் என்றாலும் இதே கதைதான்.

சின்னப் பிள்ளைக்கு வேண்டியது நீளமான நேரத்தைவிட, நம்பிக் காத்திருக்கக்கூடிய நேரம். ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போவது அப்பாவோடுதான் என்று இருக்கட்டும். வேலை இல்லாத நாளில் குளிக்க வைப்பது அப்பாதான் என்று இருக்கட்டும். அது தவறாமல் நடந்தால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் பெரும்பாலும் கரையில் இருக்கிறார்கள். கையில் காசு ஓடாத, மனசு நொந்த காலம் அது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வலை செப்பனிடும்போது பக்கத்தில் பிள்ளையை உட்கார வைத்து, இது கொண்டல், இது வாடை, இது கச்சான், இது சோளகம் என்று காற்றுக்குப் பெயர் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது. எந்தக் காற்றில் எந்த மீன் படும், நீவாடு என்கிற நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்த அப்பாவிடம் ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது. தன் அப்பாவுக்கு ஏதோ பெரிய விஷயம் தெரியும், அதை எனக்குச் சொல்கிறார் என்ற எண்ணமே ஒரு பிள்ளையை நிமிர்த்தும்.

கைக்குழந்தைக்கும் இதுதான். அது 'ஊ' என்றால் நீங்களும் 'ஊ' என்று பதில் சொல்லுங்கள். காக்காயைக் காட்டினால், "ஆமா, காக்கா. மதில் மேல உக்காந்திருக்கு" என்று சொல்லுங்கள். சத்தம் கொடுத்தால் பதில் வருகிறது என்பதுதான் ஒரு மனித உயிர் கற்கிற முதல் பாடம். பின்னாளில் வகுப்பில் கை தூக்குகிற துணிச்சலுக்கும் அதுதான் தொடக்கம்.

வேலை கொடுங்கள்

இப்போது இரண்டாவது வேருக்கு வருவோம். பிள்ளை எதையாவது செய்ய வேண்டும். விளையாட்டுச் சாமானில் மட்டும் போதாது. வீட்டுக்கு உண்மையிலேயே வேண்டிய காரியத்தில் கை வைக்க வேண்டும்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆய்வு நிலையத்தில் பெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இருவர் 2006-ல் ஒரு சோதனை செய்தார்கள். 18 மாதக் குழந்தைகள் 24 பேர். அறிமுகமில்லாத ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு எட்டி எட்டிப் பார்க்கிறார். கை நிறையப் புத்தகத்தோடு அலமாரிக் கதவில் போய் முட்டி நிற்கிறார். யாரும் குழந்தையை ஏவவில்லை, பரிசும் கிடையாது. 24 பேரில் 22 பேர் ஏதாவது ஒன்றிலாவது தானாகப் போய் உதவினார்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொன்றும் பார்த்தார்கள். உதவிக்குப் பரிசுப் பொருள் வாங்கிப் பழகிய 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள்.

ஆக, உதவ வேண்டும் என்ற ஆசை நாம் ஊட்டித்தான் வர வேண்டும் என்பதில்லை. அது கூடவே வருகிறது. அம்மா பெருக்கினால் இரண்டு வயதுக்காரி துடைப்பத்தைப் பிடுங்குகிறாள். பூண்டு உரித்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நாம் என்ன செய்கிறோம்? "போ, அங்க போயி விளையாடு" என்று விரட்டி, அழுதால் போனைக் கையில் கொடுக்கிறோம். அப்படியே நான்கு வருடம் விரட்டிவிட்டு, எட்டு வயதில் "ஒரு வேலை செய்ய மாட்டேங்கா" என்று குறைப்படுகிறோம்.

மரியா மாண்டிசோரி அம்மையாருக்கு நம் மாநிலத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 1939 நவம்பரில் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால், இத்தாலியரான அவர் ஊர் திரும்ப முடியாமல் போயிற்று. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி, அங்கேயும் பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்தினார். அவருடைய புகழ்பெற்ற நூலான 'தி அப்சார்பெண்ட் மைண்ட்' 1949-ல் வெளியானதும் சென்னையில்தான். இன்று மாண்டிசோரி என்றதும் விலை கூடிய மரச்சாமான்களும் பெரிய கட்டணமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் வைத்த பாடங்கள் தண்ணீர் ஊற்றுவது, பட்டன் போடுவது, மேசை துடைப்பது, பெருக்குவது, செடிக்கு நீர் விடுவது போன்றவை. பிள்ளையின் கைக்கு அடங்குகிற அளவில் பொருளைக் கொடுங்கள், நேரம் கொடுங்கள், குறுக்கே போகாதீர்கள் என்றார். இதற்குக் கட்டணம் எதற்கு? நம் சமையல்கட்டே போதும்.

இரண்டு வயதில் செருப்பை எடுத்து அதன் இடத்தில் வைக்கலாம். அழுக்குத் துணியைக் கூடையில் போடலாம். மூன்று வயதில் பூண்டு, சின்ன வெங்காயம் உரிக்கலாம்; சின்னச் செம்பில் தண்ணீர் மொண்டு குடிக்கலாம்; தானே சோறு தின்னலாம். சிந்தத்தான் செய்யும். சிந்தினால் துடைக்க ஒரு துணி அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கட்டும். நான்கு வயதில் சட்டை போட்டுக்கொள்வது, தட்டு எடுத்து வைப்பது, பள்ளிப் பையை அடுக்குவது. ஐந்து வயதில் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளலாம். தோசை மாவு கலக்கலாம். நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கி மீதிக் காசை எண்ணிக்கொண்டு வரலாம். ஆணோ பெண்ணோ பட்டியல் ஒன்றுதான். பொம்பளைப்பிள்ளையிடம் துடைப்பத்தையும் ஆம்பளைப்பிள்ளையிடம் பந்தையும் கொடுத்துப் பிரித்தால் இரண்டு பேருக்குமே பாதித் திறமைதான் சேரும்.

இங்கே ஒரு கோடு போட்டுச் சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலையில் பங்கு கொடுப்பது வேறு, பிள்ளையைப் பிழைப்புக்கு அனுப்புவது வேறு. நம் மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டாரமும் அதையொட்டிய சாத்தூர், சிவகாசிப் பகுதியும் ஒரு காலத்தில் தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளின் விரல்களை வைத்துக் காசு பார்த்தவை. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது. நான் சொல்கிற வேலை பத்து நிமிட வேலை. பிள்ளையின் படிப்பையும் விளையாட்டையும் தூக்கத்தையும் தொடாத வேலை. 'நானும் இந்த வீட்டு ஆள்' என்று அவனுக்குச் சொல்கிற வேலை.

எவ்வளவு உதவலாம்?

"அவன் பட்டன் போட்டு முடிக்கிறதுக்குள்ள ஸ்கூல் வேன் போயிரும்." இதுவும் உண்மை. எட்டு மணி நெருக்கடியில் யாரும் பாடம் நடத்த முடியாது. அதனால் பழக்குவதை அவசரமில்லாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம், விடுமுறை நாள், குளித்து முடித்த பிறகு.

1976-ல் வுட், புரூனர், ராஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள், மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேரை 21 மரத்துண்டுகளால் ஒரு பிரமிடு கட்ட வைத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு முறையைக் கடைப்பிடித்தார். பிள்ளை தானே செய்ய முடிந்த இடத்தில் விலகி நின்றார். திணறினால் வாயால் சொன்னார். அதுவும் பிடிபடாவிட்டால் செய்து காட்டினார். வளர்ந்தவர் தரும் உதவி பிள்ளையின் தேவைக்கு ஏற்பக் கூடிக் குறைய வேண்டும், பிள்ளை தேறத் தேறக் குறைந்துகொண்டே வர வேண்டும் என்று இந்த ஆய்விலிருந்து விளக்கினார்கள்.

பட்டன் விஷயத்தில் இதை எப்படிச் செய்வது? முதல் நாள் எல்லாப் பட்டனையும் நீங்கள் போட்டு, கடைசி ஒன்றைப் பாதி ஓட்டைக்குள் நுழைத்துவிட்டு, "இழு பாப்போம்" என்று விடுங்கள். இழுத்து முடித்தது அவன். அடுத்து அந்தக் கடைசிப் பட்டன் முழுவதும் அவனுடையது. பிறகு கீழேயிருந்து இரண்டு. ஒரு கட்டத்தில் முதல் பட்டனை நேராகப் பொருத்திக் கொடுப்பது மட்டும் உங்கள் வேலை. பிறகு அதுவும் வேண்டாம். நடுவில் அவன் திணறும்போது கை போகப் பார்க்கும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பல நேரம் பத்து முடிவதற்குள் பட்டன் உள்ளே போய்விடும். போகாவிட்டால், அவன் உங்களை நிமிர்ந்து பார்ப்பான். அதுதான் கீழேயிருந்து கயிறு அசைகிற நேரம். அப்போது உடனே உதவுங்கள். "நாலு வயசு முடியப்போகுது, இது தெரியல" என்று சொல்லிக்கொண்டே உதவினால், அடுத்த முறை அவன் கயிற்றை அசைக்கவே மாட்டான்.

பாராட்டும் கண்டிப்பும்

பாராட்டுவதில் இன்று நாம் தாராளமாகிவிட்டோம். "சூப்பர்", "ஜீனியஸ்", "என் தங்கம் மாதிரி யாரு உண்டு" என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். அதில் அன்பு இருக்கிறது, சொல்லக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கிளாடியா மியூல்லரும் கேரல் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வு நம்மை யோசிக்க வைக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள். சிலரிடம் 'நன்றாக முயற்சி செய்தாய்' என்றார்கள். அடுத்து எதை எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டபோது, புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் பெரும்பாலும் எளிதாக ஜெயிக்கக்கூடியதைப் பார்த்து எடுத்தார்கள். கடினமான புதிரில் தோற்ற பிறகு இவர்கள்தான் அதிகம் துவண்டார்கள். புத்திசாலிப் பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய பாரம் அவர்கள் தலையில் ஏறிவிட்டது.

எனவே செய்ததைப் பார்த்துச் சொல்லுங்கள். "மொதல்ல செருப்ப இடம் வலம் மாத்திப் போட்ட, அப்புறம் நீயே கண்டுபிடிச்சிட்ட." "இத எப்பிடிலே செஞ்ச?" என்று கேட்டு, அவன் விளக்குவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். உயர்த்தி ஒப்பிட்டாலும் கெடுதல்தான்; தன் மதிப்பு அடுத்தவன் தோற்பதில் இருக்கிறது என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

கண்டிப்பு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் பாலர் பள்ளிப் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் பார்த்து மூன்று வகையாகப் பிரித்தார். சொன்னதைச் செய் என்று அடக்குகிறவர்கள். எதையும் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள். பாசமும் கண்டிப்பும் சேர்ந்து, காரணத்தையும் சொல்கிறவர்கள். தன்னம்பிக்கையோடும் கட்டுப்பாட்டோடும் இருந்த பிள்ளைகள் இந்த மூன்றாவது வீடுகளில்தான் அதிகம் இருந்தார்கள்.

விதிகள் குறைவாக, மாறாததாக இருக்கட்டும். பெரியவர் கூட இல்லாமல் கடற்கரைக்குப் போகக் கூடாது. யாரையும் அடிக்கக் கூடாது. தின்ற தட்டை எடுத்துப் போட வேண்டும். காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். மீறினால் மீறியதோடு தொடர்புள்ள விளைவு வரட்டும்: கொட்டினால் துடைக்க வேண்டும், எறிந்த பொம்மை இன்றைக்கு அலமாரிக்குப் போகும். 'அடியாத மாடு படியாது' என்று பழமொழி சொல்கிறவர்கள் உண்டு. அடி வாங்குகிற பிள்ளை அடிக்கிறவர் இருக்கும்போது மட்டும் படிகிறது. தானாக யோசித்து நடக்கப் பழகுவதில்லை. பள்ளியில் அடிப்பதை 2009-ன் கல்வி உரிமைச் சட்டமே தடுத்திருக்கிறது. வாத்தியாருக்குக் கூடாது என்றால் பெற்ற நமக்கு மட்டும் எப்படிச் சரியாகும்?

பயத்தை என்ன செய்வது?

2023 டிசம்பர் 17, 18 நம் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அதைப் பார்த்த பிள்ளைகளில் சிலர் பிறகு மழை இருட்டினாலே அழுதார்கள். "ஒண்ணும் ஆகாது, பயப்படாத" என்று சொன்னால் அது நிற்காது. ஆகித்தான் இருக்கிறதே, அவன் கண்ணால் பார்த்திருக்கிறானே.

மூன்று படியாகச் செய்யுங்கள். முதலில் பயத்தை ஒத்துக்கொள்ளுங்கள்: "அன்னைக்கு மாதிரி தண்ணி வந்துருமோன்னு பயமா இருக்கா? எனக்கும் அன்னைக்குப் பயமாத்தான் இருந்துச்சு." இரண்டாவது, நம் திட்டத்தைச் சொல்லுங்கள்: தண்ணீர் ஏறினால் யார் வீட்டு மாடிக்குப் போவோம், எந்தப் பையை எடுப்போம். மூன்றாவது, அதில் அவனுக்கு ஒரு பொறுப்பு: டார்ச் லைட் அவன் கையில். பொறுப்பு வந்ததும் பயம் தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கிவிடும். ஊசிக்கும் இருட்டுக்கும் முதல் நாள் பள்ளிக்கும் இதே மூன்று படிதான். கடலுக்கும் அப்படியே. கரையில் பிறந்த பிள்ளைக்குக் கடலைப் பூச்சாண்டியாகக் காட்டாமல், ஆணும் பெண்ணும் ஒன்றுபோல நீச்சல் பழக வையுங்கள். பெரியவர் கை எட்டுகிற தூரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக.

இத்தனைக்கும் அடியில் உடம்பு இருக்கிறது. பசித்த பிள்ளைக்கும் தூக்கம் கெட்ட பிள்ளைக்கும் எந்தத் தைரியமும் வராது. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1975 அக்டோபர் 2-ல் நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வந்தவைதான் இன்றைய அங்கன்வாடிகள். உங்கள் தெரு அங்கன்வாடியை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். சத்துணவு, எடை பார்ப்பது, மற்ற பிள்ளைகளோடு கூடி விளையாடுவது எல்லாம் அங்கே இருக்கிறது. மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும், திரை முன்னால் உட்காருவது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. சோறு ஊட்டும்போது போன் காட்டுவதை நிறுத்தினால் முதல் சில நாள் அழுகை இருக்கும். அப்புறம் பிள்ளை தட்டைப் பார்க்கத் தொடங்கும். தானே தின்னத் தொடங்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இன்று இரவு வீட்டுக்குப் போய் உங்கள் வீட்டம்மாவோடு உட்கார்ந்து, பையனுக்கென்று ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் தம்ளர் எடுத்து வைப்பதாக இருக்கலாம். நாளையிலிருந்து அது அவன் வேலை. மறந்தால் ஞாபகப்படுத்துங்கள், நீங்கள் எடுத்து வைக்காதீர்கள். ஒன்று கீழே விழுந்தால் திட்டாதீர்கள். வீட்டுக்கு விருந்தாள் வந்தால் அவர்களுக்கும் அவனே எடுத்து வைக்கட்டும். ஒரு மாதம் இதை விடாமல் செய்யுங்கள். அதற்குப் பிறகும் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று தோன்றினால், எந்த வகுப்பு வேண்டும் என்று அவனிடமே கேட்டுச் சேர்த்துவிடுங்கள்.